செந்தாமரை சீட்டில்லாமல் தரமாட்டாள்

என் தங்கை செந்தாமரை வாங்காத திட்டு பாபநாசத்தில் பாக்கியில்லை. கடைத்தெருவில் உள்ள மருந்துக் கடையில் அவள்தான் பார்மசிஸ்ட். எங்கள் பக்கத்தில் மாத்திரை வாங்க ஒரு வழக்கம் உண்டு. தீர்ந்துபோன அட்டையை மடியில் செருகிக்கொண்டு வந்து மேசையில் போட்டு, "இதுல பத்து குடு" என்பார்கள். செந்தாமரை தரமாட்டாள். டாக்டர் சீட்டு கேட்பாள். "பெரிய கலெக்டர் உத்தியோகம் பாக்குறா" என்று ஏசிவிட்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் ஏராளம். ஐந்து வயது மூத்த அண்ணனான நானே வீட்டில் அவளைக் கலெக்டரம்மா என்றுதான் சீண்டுவேன்.

போன வருடம் எனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ஒரு மளிகைக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். நாற்று நட்டும் கதிர் அறுத்தும் எங்களை வளர்த்த அப்பாவும் அம்மாவும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். உடனே பார்சல்கள் வரத் தொடங்கின. வெளிநாடு போகிறவன் பெட்டியில் பாதி அவனுக்கு, பாதி ஊருக்கு. அதுதான் எங்கள் முறை. அமிர்தலிங்கம் மாமாவும் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். மஸ்கட்டில் வேலை செய்யும் அவர் மகன் நெடுஞ்செழியனுக்கு ஆறு மாத மாத்திரை. அங்கே விலை அதிகமாம். எடை குறையட்டும் என்று டப்பாக்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, அட்டைகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி ஊறுகாய் பாட்டிலில் அடைத்திருந்தார்.

செந்தாமரை பாட்டிலைத் தரையில் கவிழ்த்தாள். பாதித் துண்டுகளில் மருந்தின் பெயரே இல்லை. பெயர் தெரிந்தவற்றில் ஒன்று தூக்க மாத்திரை.

"மாமா, இத அனுமதி இல்லாம கொண்டு போனா அண்ணன ஏர்போர்ட்டுலயே புடிச்சு வச்சுடுவாங்க. சீட்டு யாரு பேருல இருக்கோ அவங்கதான் எடுத்துட்டுப் போவணும்."

"ஊருல எல்லாந்தான் கொண்டு போறான். ஒங்கண்ணனுக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு?" என்றபடி மாமா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் அவள்மேல்தான் கோபம்.

அடுத்து என் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை. தினமும் நான்கு வேளை இன்சுலின் ஊசி. இரண்டு நாள் நின்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை. "கம்பெனிக்கிட்ட சொல்லிடாதீங்க" என்று வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் சொல்லியிருந்தார். நானும் மறைத்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

"மறைச்சுட்டுப் போயி அங்க விழுந்துட்டீன்னா, பழைய நோயின்னு இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒன் ரெண்டு வருஷச் சம்பளம் பத்தாது. சொல்லிடு அண்ணே."

"சொன்னா வேலை போயிடும்டி. என் சோத்துல மண்ண அள்ளிப் போடாத."

"போனா போவட்டும். நீ இருந்தாத்தான வேலை?"

மெயிலை அவளே எழுதினாள். அனுப்புகிற பொத்தானை மட்டும் என்னை அழுத்தச் சொன்னாள். ஒன்பது நாள் பதிலே இல்லை. ஒன்பது நாளும் நான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். பத்தாவது நாள் பதில் வந்தது. மருத்துவ அறிக்கைகளை அனுப்ப வேண்டும், வேலை உண்டு, இன்சுலின் செலவைக் காப்பீட்டு அட்டை ஏற்கும், ஆனால் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான்.

"அப்ப மூணு மாச மருந்து இங்கேருந்தே போவணும்" என்றாள், சண்டையே நடக்காததுபோல.

தஞ்சாவூருக்கு என்னை இழுத்துப்போய் டாக்டரிடம் கடிதம் வாங்கினாள். நம் ஊர்க் கம்பெனி வைத்த பெயர் அங்கே தெரியாது என்று, ஒவ்வொரு மருந்துக்கும் மூலப் பெயரையும் அளவையும் வேளையையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தாள். பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்து பாழாகும் என்று, இன்சுலின் முழுவதையும் குளிர்ப்பையில் வைத்து என் தோளில் மாட்டிவிட்டாள். மஸ்கட்டில் பையைத் திறந்த அதிகாரி அந்தத் தாளைப் படித்தார், ஊசிகளை எண்ணினார், போகலாம் என்று தலையசைத்தார்.

நான்காம் மாதம் காப்பீட்டு அட்டையோடு கிளினிக்குக்குப் போனேன். கேரளத்து டாக்டர். செந்தாமரையின் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் இன்சுலின் எழுதினார். என் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை.

"இது எந்த ஆஸ்பத்திரியில தயார் பண்ணது? ரொம்ப நல்லா இருக்கு" என்று தமிழில் கேட்டார்.

"ஆஸ்பத்திரி இல்ல சார், என் தங்கச்சி. பாபநாசத்துல பார்மசிஸ்ட். எங்க குடும்பத்துலயே மொத மொதல்ல காலேஜு போனவ." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அவரிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அவளை அந்தப் படிப்பில் சேர்க்க அப்பா பசுமாட்டை விற்ற அன்று, "பொட்டப்புள்ள மருந்து விக்கப் படிச்சு என்ன கிழிக்கப்போறா? அந்தக் காசுல எனக்கு பைக் வாங்கிக் குடு" என்று கத்தியவன் நான். அவள் காதில் விழட்டும் என்றே கத்தினேன். இன்றுவரை அவள் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.