நேர்ந்துகொண்ட கூந்தல்

திருத்தணி மலைமேல், முடியிறக்கும் கூடத்தில் அந்த நாவிதரைக் கண்டேன். பெயரனின் முதல் முடியிறக்கத்துக்காகச் சென்றிருந்தேன். மெலிந்த உடல், நீரில் ஊறி வெளுத்த விரல்கள். எவர் வந்து அமர்ந்தாலும் தலையை நனைத்தவாறே, "எந்த ஊரு?" என்று வினவுவார். விடை முடியுமுன் கத்தி இறங்கியிருக்கும்.

எங்களுக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றனர். தாய் அமர்ந்து முக்காட்டை விலக்கினாள். தலையில் முடியே இல்லை.

"கேன்சருங்க. பொழைச்சா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். மருந்துல எல்லாம் கொட்டிப்போச்சு. சும்மா கத்திய வச்சு எடுத்துடுங்கண்ணா."

"இல்லாத முடிய எப்பிடிம்மா எடுக்கறது? சாமிய ஏமாத்தக் கூடாது," என்றார் அவர், கடுமையின்றி. "வளந்தப்புறம் வா."

"அதுவரைக்கும் இருப்பனோ என்னமோ."

அவர் பார்வை மகளின் நீண்ட பின்னலில் நின்றது. "பொண்ணு தலை இருக்குதே. பெத்தவளுக்காகக் குடுத்தா சாமி ஏத்துக்கும்."

"அடுத்த மாசம் அதுக்குக் கல்யாணங்க," என்றாள் தாய். ஆயினும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் அமர்ந்து பின்னலை அவிழ்த்தாள். வரிசையில் நின்றோர் "அரோகரா" என்றனர்.

"எந்த ஊரு?"

பொதட்டூர்பேட்டை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் முதற்கற்றை தரையில் விழுந்தது.

ஒரு கீறலும் இல்லாமல் மழித்து, தலையைத் துடைத்து, "வெயில் சுடும், சந்தனம் பூசிக்கம்மா," என்றார். பெயரனையும் அழவிடாமல் மழித்தார்.

அவரைக் கொடியவர் என்று எண்ண இன்றளவும் முயல்கிறேன். இயலவில்லை. அப்பெண் அமர்ந்தபோது எழுந்த அந்த முழக்கத்தில் என் குரலும் இருந்தது.