பியானோவைத் தள்ளிய பொலிஸ்காரன்

கனகசபாபதிக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. சோறு தின்னும்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும். கொழும்புத் துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் அவருடைய கதிரை பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது. அப்படிப்பட்டவரைக் கட்டிப்போடக்கூடியவை பழைய இங்கிலாந்துக் கள்ளர் படங்கள் மட்டுமே. கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்கள் தேநீர் குடித்துக்கொண்டே கொள்ளைக்குத் திட்டம் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கோட்டைவிடுகிற கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படங்கள்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மே மாதம் அப்படியொரு படத்துக்குத்தான் கந்தோர்ச் சிநேகிதன் தாஸிமோடு பின்னேரக் காட்சிக்குப் போயிருந்தார். கலியாணமாகிச் சில மாதங்கள். மனைவி சரோஜினிதேவி அன்று கொட்டாஞ்சேனையில் தமக்கை வீட்டில் நின்றாள். திரையில், திருடிய நகைகளைப் பியானோவுக்குள் ஒளித்துவைத்து, அதை மேட்டுத் தெருவில் தள்ள முடியாமல் கள்ளர் திணறினார்கள். ரோந்து வந்த பொலிஸ்காரன் பாவம் பார்த்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் சேர்ந்து தள்ளினான். ஒவ்வொரு உலுக்கலுக்கும் பியானோ முனகியது. கனகசபாபதி கண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து தாஸிமின் தம்பி ஸாலிஹ் இருட்டில் தேடிவந்து தமையனின் காதில் ஏதோ சொன்னான். தாஸிம் கனகசபாபதியின் கையைப் பிடித்தான்.

"எழும்பு மச்சான். வெளிய சரியில்ல. தமிழாக்களத் தேடித்தேடி அடிக்கிறாங்களாம்."

"சரோ?"

"மொதல்ல நீ வா."

கொம்பனித்தெருவில் தன் வீட்டுப் பின்னறையில் தாஸிம் அவரை ஒளித்துவைத்தான். ஊரடங்கு வந்தது. ஊரடங்கு தளர்ந்த நேரம் ஸாலிஹ் கொட்டாஞ்சேனைக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். தமக்கை வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஆட்கள் இல்லை. அதைக் கேட்டதிலிருந்து கனகசபாபதி சுவருக்குச் சுவர் நடந்தார். தாஸிமின் தாய் அஸீஸா சாப்பாட்டுத் தட்டோடு நின்று, "கொஞ்சம் இரிங்க மகன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் திடீரென்று செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

தாஸிம் மறித்தான். "அந்தப் படத்துட முடிவு தெரியுமா ஒனக்கு?"

"என்னடாப்பா விசர்க்கதை? என்ர மனிசி எங்கயெண்டு தெரியேல்ல!"

"ஸாலிஹ் திரும்பவும் தேடிப் போயிரிக்கிறான். அவன் வாறவரைக்கும் கேளு. நான் முந்தியே பார்த்த படம்."

கதை தொடங்கியது. பியானோ கப்பலேறியதாம். உண்மை தெரிந்த பொலிஸ்காரனும் வேலையை உதறிவிட்டுக் கூடவே ஏறிவிட்டானாம்.

கனகசபாபதி நடந்துகொண்டே கேட்டார். பிறகு நின்றார். "கஸ்டம்ஸ்காரன் திறந்து பார்க்கேல்லையோ?"

"பார்க்க வந்தான். வாசிச்சுக் காட்டுங்கண்டு சென்னான். நகை நெறஞ்ச பியானோ சத்தம் போடுமா? ஒருத்தன் விரல ஆட்ட, மத்தவன் பின்னால ஒளிச்சிருந்து வாயால வாசிச்சான்."

அதிலே அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டு மறுபடி நடந்தார். அடுத்த நாளும் கதை ஓடியது. கள்ளர் கொழும்புக்கு வந்து பேக்கரி வைத்த இடத்தில் ஸாலிஹ் மூச்சிரைக்க வந்து நின்றான். சரோஜினிதேவி ஒரு பள்ளிக்கூட அகதி முகாமில் தமக்கையோடு இருந்தாள். பின்மதிலேறிக் குதித்ததில் கால் சுளுக்கியிருந்தது. அவ்வளவுதான்.

மற்ற அகதிகளோடு கப்பலில் யாழ்ப்பாணம் போனார்கள். பிறகு திரும்பிவந்து வெள்ளவத்தையில் குடியேறினார்கள். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்திலும் ஒருமுறை ஓடித் திரும்பினார்கள். இவ்வளவுக்கும் பிறகு படத்தில் வருகிற கள்ளரைப் பார்த்து என்ன சிரிப்பு என்று சரோஜினிதேவி கேட்பாள்.

"அந்தப் பொலிஸ்காரனைப் பாரும்," என்பார் அவர், திரையைக் காட்டி. "கதவைத் தட்டிப்போட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டெல்லோ நிக்கிறான்."

வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பியானோப் படம் தொலைக்காட்சியில் வந்தது. முடிந்த கையோடு கனகசபாபதி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தார். தாஸிம் கொம்பனித்தெரு வீட்டு வாசலில் சாய்மனைக் கதிரையில் கிடந்தான்.

"நீ அந்தப் படம் பார்க்கேல்ல!"

தாஸிம் மறுக்கவில்லை. "ஒன்னோட பார்த்த பாதிதான்."

"பிறகேன் பொய் சொன்னனி?"

"அண்டைக்குத் தெருமுக்கில பொல்லு தடிகளோட ஆக்கள் நிண்டாங்க மச்சான். அதச் சென்னா நீ இன்னும் துடிப்பாய்."

கனகசபாபதிக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தார்.

"சரி, மெய்யா என்ன நடந்திச்சு?" என்றான் தாஸிம்.

"பியானோ உருண்டு போய்ப் பொலிஸ் ஸ்டேசன் வாசல்ல உடைஞ்சுது. எல்லாரும் பிடிபட்டாங்கள்."

"கப்பலே இல்லயா?"

"இல்லை."

"இது என்ன முடிவு!" தாஸிமுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "மேட்டில அவ்வளவு தூரம் தள்ளினவன் கைய விடுவானா?"

"விட்டிட்டான். நான் கண்ணால பார்த்தனான்."

தாஸிம் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் அதைப் பற்றியே சண்டை பிடித்தார்கள். போகவேண்டும் என்று கனகசபாபதி பலதடவை எழும்பினார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு நியாயம் ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார்.