வெள்ளவத்தை அறையில நைட்ரோ போட்

றிமோட்டில ஓடுற நைட்ரோ ரேசிங் போட் கட்டுறதும் ஒரு தொழிலா எண்டு கேக்கிறவைக்கு நான் சொல்லுறது: இது தொழில் இல்லை, நெஞ்சிடி. வீட்டுக்குள்ள பட்டறை வச்சு, மனிசியின்ர முகத்தைப் பாத்துப் பாத்து வேலை செய்யிற ஆக்களே, நீங்க என்ர கட்சி.

எங்கட ஃபிளாட் வெள்ளவத்தையில, கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையில. குசினிக்குப் பக்கத்து அறைதான் என்ர பட்டறை. மனிசி வதனி ஹோலில வச்சு ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளையளுக்குக் கணக்கு டியூஷன் குடுக்கிறா. இடம் காணாது. அந்த அறையில அவவுக்கு எப்பவும் ஒரு கண்.

ரோஸ் கலர் சர்பத்

நைட்ரோ எஞ்சினுக்குப் பெற்றோல் சரிவராது. மெதனோலும் நைட்ரோவும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எண்ணெய்தான் விடவேணும். பாக்க நல்ல ரோஸ் நிறம், குடிச்சா ஆள் முடிஞ்சுது. எனக்கு எஞ்சின் சாமான் எடுத்துத் தாற பர்ஸான் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறார். ஒரு நாள் மிச்சமிருந்த எண்ணெயை வச்சிருக்கச் சொல்லி அவரிட்டக் குடுத்துவிட்டன். மனுசன் என்ன செய்தார் தெரியுமா? வெயிலுக்குப் பழுதாகிடும் எண்டு வெறும் சர்பத் போத்தில் ஒண்டில ஊத்தி ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிட்டார். அது நோன்பு மாசம் வேற!

நோன்பு திறக்கிற நேரம் பாத்து போன் வருது. பர்ஸான் ஆறுதலாத்தான் கேட்டார். "ஐயோ, குடிக்காதேங்கோ, வெளியில ஊத்துங்கோ!" எண்டு நான் கத்தின கத்தில டியூஷன் பிள்ளையள் முழுக்க எழும்பி நிண்டிட்டுதுகள். நல்ல காலம், ஒருத்தரும் வாயில வைக்கேல்ல. அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, உம்மா கேக்குறாங்க, இந்தப் புது சர்பத் ஏன் ஆமணக்கெண்ணெ மணக்குது?"

வதனியின்ர தீர்ப்பு

அண்டைக்கே வதனி முடிவெடுத்திட்டா. நான் கட்டின போட் ஒண்டும் அதுவரைக்கும் ஒரு ரேஸையும் முழுசா ஓடி முடிச்சதில்லை. அது அவவுக்கு நல்லாத் தெரியும். அந்த நேரம் மேசையில இருந்தது அன்ரனுக்கெண்டு நான் கட்டிக்கொண்டிருந்த போட். அன்ரன் கொட்டாஞ்சேனைப் பெடியன், துறைமுகத்தில கிரேன் ஓட்டுறவன். வதனி அறை வாசல்ல நிண்டு சொன்னா: "அன்ரன்ர போட் வாற ரேஸை ஓடி முடிச்சா அறை உங்களுக்கு. முடிக்காட்டி அதுக்குள்ள என்ர டியூஷன் பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்கில்."

பாரம் குறைச்ச கதை

அன்ரன்ர போட் ஹைட்ரோபிளேன், தண்ணியைத் தொட்டும் தொடாமலும் போற சாதி. மூக்குக்குக் கீழ காத்துக் கொஞ்சம் கூடினாப் போதும், குப்புறக் கவிழும். கவிண்டாலும் தாழக்கூடாது எண்டுதான் உள்ளுக்குள்ள ரெஜிபோம் எண்ட வெள்ளை நுரைப் பலகையை வெட்டி அடைக்கிறது. ரேஸுக்கு முதல் கிழமை பொல்கொடை ஏரிக்குக் கொண்டுபோய் ஓடிப் பாத்தம். என்ன ஓட்டம்! பிறகு மூக்கு எழும்பிச்சு, கவிண்டுது, அடுத்த நிமிசம் தண்ணியில ஒண்டையும் காணேல்ல.

அன்ரன் சேர்ட்டோட பாஞ்சு, கழுத்தளவு தண்ணியில முக்குளிச்சு எடுத்துக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்தா உள்ளுக்குள்ள வெறும் தண்ணி. நான் பாத்துப் பாத்து வெட்டி அடைச்ச ரெஜிபோமில ஒரு துண்டும் இல்லை. வேகம் கூடட்டும் எண்டு, பாரமே இல்லாத சாமானைக் கழட்டிப் பாரம் குறைச்சிருக்கிறான்! எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. அவன் தலையைத் துவட்டிக்கொண்டு கேட்டான்: "போட் எண்டா மிதக்கும்தானே அண்ணே, பிறகேன் ரெஜிபோம்?"

கடைசி வளைவு

எஞ்சினைக் கழட்டி, காய வச்சு, திரும்பப் பூட்டி, ரெஜிபோமையும் அடைச்சு, ரேஸுக்குப் போனம். பர்ஸானும் வந்தார், வதனியும் வந்தா. மரத்துக்குக் கீழ கதிரை போட்டு, பிள்ளையளின்ர பேப்பர் திருத்திக்கொண்டிருந்தா. றிமோட் அன்ரன்ர கையில: இடது கை விரலால வேகம், வலது கையால போட்டைத் திருப்பிற சுக்கான் வளையம். தண்ணியில மிதக்கிற அடையாளப் போயாவைச் சுத்தி வலப்பக்கமாத்தான் திருப்பவேணும். போட் புறப்பட்டுது. நான் என்ர கண்ணை நம்பேல்ல. என்ர போட் முன்னுக்குப் போகுது! வதனி பேனையை மூடினா.

கடைசி வளைவு. சரியா அந்த நேரம் அக்கரையில மாதா கோயில் மணி அடிச்சுது, மத்தியான செப மணி. கொட்டாஞ்சேனையில பிறந்து வளந்தவனுக்கு மணிச் சத்தம் கேட்டா கை தானா நெத்திக்குப் போகும். அன்ரன் சிலுவை போட்டான், வலது கையால! விட்ட வளையம் தன்ர பாட்டில நேராகிட்டுது. இடது கை விரல் மட்டும் முழு வேகத்தில. போட் போயாவை விட்டிட்டு, நேர அக்கரைக்குப் பாஞ்சு ஆகாயத்தாமரைக்குள்ள பூந்திட்டுது.

பர்ஸான் தோணியைத் தள்ளிக்கொண்டு எடுக்கப் போனார். அன்ரன் அப்பதான் கண்ணைத் திறந்தவன், "எங்க போட்?" எண்டான். அறை போச்சு, வாங்கில் வந்திட்டுது எண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. வதனி எழும்பி வந்தா. அன்ரனை மேலயும் கீழயும் பாத்தா. பேப்பர் திருத்திற அதே குரல்ல சொன்னா: "மெஷின் பாஸ். ஆள்தான் ஃபெயில். ரிப்பீட் எழுதட்டும்."

அடுத்த ரேஸ் வரைக்கும் அறை என்ர கையில, என்ர விதி அன்ரன்ர வலது கையில.