படகில் அடைகாத்த கோழி

கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு குளத்தங்கரையில் முதல் வீடு மைதீன் பாத்திமாவுடையது. அதனால் ஊருக்கு வந்த வெள்ள மீட்புப் படகு அவள் முற்றத்தில்தான் கிடந்தது. சும்மா கிடக்கிறதே என்று அதில் வைக்கோல் பரப்பி, வாத்து முட்டைகளின்மேல் ஒரு கோழியை அடைவைத்தாள்.

அந்த மார்கழியில் ஆறு பெருகிக் குளம் உடைந்தது. தெருவே படகுக்கு ஓடிவந்தது. கோழி எழுந்திருக்கவில்லை.

"பைய ஏறுங்க. கோழி மிரண்டா அம்புட்டும் கூமுட்டையாப் போவும்," என்றாள் பாத்திமா.

கோழிக்கு இடம்விட்டு எல்லோரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காத இசக்கிமுத்து மார்பளவு நீரில் படகைத் தள்ளினான். தும்மல் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டான்.

பள்ளிக்கூட மேட்டில் தங்கியிருந்தபோது குஞ்சுகள் பொரிந்தன. மறுநாள் காலையில் அவை வரிசையாக வெள்ளத்தில் இறங்க, கரையில் நின்ற கோழி கதறியது.

"ஏலே, பிள்ளைகள வெள்ளம் கொண்டுபோவுதுலே!" என்று பாத்திமாவும் கதறினாள்.

வெள்ளத்துக்குத் தப்பி வந்த தெரு மொத்தமும் திரும்ப வெள்ளத்தில் குதித்தது. ஒரு குஞ்சும் பிடிபடவில்லை. இசக்கிமுத்துவுக்குத்தான் முதலில் உறைத்தது.

"எக்கா, வாத்துக்கு நீச்சல் தெரியும்லா?"

பாத்திமா இடுப்பளவு நீரில் நின்று யோசித்தாள்.

"தெரியும்லே. அத இந்தக் கோழிட்ட யாரு சொல்ல?"