லாசரஸின் ஆடும் பற்கள்

என் தம்பி லாசரஸின் பற்களில் ஒரு சொத்தைகூடக் கிடையாது. தாம்பரத்தில் ரயில்வே குமாஸ்தா. எங்கள் சபை பேண்டில் டிரம்பெட் வாசிப்பவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எந்தக் கல்யாண ஊர்வலம் என்றாலும் முதல் வரிசையில் அவன்தான். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

1971 தவக்காலத்தில் பிரஷ்ஷில் ரத்தம் பார்த்தான். "புண்ணைத் தேய்க்காதடா, தானா ஆறட்டும்" என்றேன். அன்றிலிருந்து கீழ் முன்பற்கள் நாலையும் விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்தான். மறு ஆண்டு ஜூலையில் டிரம்பெட்டை அழுத்தி ஊதினால் அந்த நாலு பற்களும் உள்ளே சாய்ந்தன.

பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, குரோம்பேட்டை பல் டாக்டர் யக்ஞநாராயணன் எக்ஸ்ரே எடுத்தார்.

"பல்லு நல்லா இருக்கும்மா. அதைப் பிடிச்சிக்கிட்டிருக்கிற எலும்புதான் கரைஞ்சிருக்கு."

நல்ல பல் ஏன் ஆட வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. பற்களில் கல்லாக இறுகியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். மிச்சத்துக்கு அடுத்த வியாழன் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் பற்கள் முன்னைவிட ஆடின.

"இன்னாக்கா இது, டாக்டர் கழட்டி வுட்டுட்டாரா?" என்றான்.

பேண்டில் அவனோடு டிரம்பெட் வாசிக்கும் அந்தோணிசாமி சிரித்தார். "பேசாம டிரம் அடி மச்சான். அதுக்குப் பல்லு வேணாம்."

இனி அந்த டாக்டர் பக்கமே போகாதே என்று தம்பியிடம் சொன்னேன். எட்டு வியாழக்கிழமைகள் அவன் டாக்டரிடம் போகவில்லை. செப்டம்பர் பத்து, ஞாயிறு மதியம், சோற்றில் கல் என்று துப்பினான். பல். கழுவிப் பார்த்தேன், வேரோடு முழுசாக, வெள்ளையாக இருந்தது.

காகிதத்தில் மடித்து டாக்டரிடம் காட்டினோம்.

"அந்தக் காரைதான் பல்லை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சிருந்தது. எடுத்ததும் ஆடத்தான் ஆடும். தொடர்ந்து வந்திருந்தா ஈறு இறுகியிருக்கும்."

"இந்தப் பல்லும் நின்னிருக்குமா சார்?" என்றேன்.

"அதைச் சொல்ல முடியாதும்மா. போன எலும்பு வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம். ரத்தம் வந்தாலும் அங்கேயே மெதுவா தேய்க்கணும்."

"டிரம்பெட் வாசிக்கலாமா சார்?" என் முகத்தைப் பார்க்காமல் லாசரஸ் கேட்டான்.

"மிச்சம் மூணும் நிக்கட்டும், பார்க்கலாம்."

இது 1974. மூன்றும் நிற்கின்றன. வாசிக்கிறான், உச்ச ஸ்தாயியை மட்டும் அந்தோணிசாமிக்கு விட்டுவிடுகிறான். அந்தப் பல் என்னால்தான் போனதா என்று கேட்டால், "வுடுக்கா, பேண்டுக்கு நேரமாச்சி" என்று கிளம்பிவிடுகிறான்.