சேதி கேட்கும் சவுரியம்மாள்

தொப்புள்கொடியை அறுத்து, குழந்தையைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்திய கையோடு சவுரியம்மாள் வாசலுக்கு வந்துவிடுவாள். தெருவில் முதலில் வருகிறவரை மறித்து, "இன்னிக்கி இன்னா சேதி?" என்பாள். மாடு காணாமல் போன சேதியெல்லாம் அவளுக்கு உதவாது. "அது கெடக்கட்டும், பெரிய சேதியா சொல்லு" என்பாள்.

திண்டிவனத்து மருத்துவச்சியான அவளுக்கு எழுத்தும் தெரியாது, தேதியும் தெரியாது. முப்பது வருஷப் பிரசவங்களை ஊர் உலகத்துச் சேதிகளோடு முடிந்து நெஞ்சில் வைத்திருக்கிறாள். காந்தி உப்பு அள்ளிய சேதிக்குப் பாஞ்சாலி. ஐந்தாம் ஜார்ஜ் மறைந்த சேதிக்குச் சின்னதுரை. தெருவில் பார்த்தால், "ஏ உப்பு, உங்கம்மா எங்க?" என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த 1939 செப்டம்பர் 22ஆம் தேதி விழுப்புரத்தில் ரயில்வேயில் கலாசி என்ற எடுபிடி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இருபத்தைந்து நிறைந்தவனுக்கு இடமில்லை. வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்கு மாரடித்த நடராசனுக்கு அது ஒன்றுதான் விடிவு. வயதுக்குச் சாட்சி சவுரியம்மாள்.

"எம்டன் கப்பல் மெட்ராஸுல குண்டு போட்ட சேதிக்குப் பொறந்தவன்ங்க இவன்" என்றாள்.

குமாஸ்தா அரங்கநாதன் சிரித்தார். "அது பதினாலாம் வருஷம், இதே தேதி. இன்னியோட இருபத்தஞ்சு முடிஞ்சுபோச்சு. அடுத்த ஆளு."

நடராசனின் முகம் வெளிறியது. சவுரியம்மாள் மேஜையை விட்டு நகரவில்லை.

"குண்டு போட்டது ராத்திரிங்க. பட்டணத்துச் சனம் பயந்துகினு மறுநா ரயிலேறி ஓடியாந்துச்சு. கொடி அறுத்துட்டு வாசலுக்கு வந்தேன், அவங்கதான் சேதி சொன்னாங்க. இவனுக்கு நாளைக்குத்தான் நெறையுது."

"இதையெல்லாம் எப்படி நம்பறது?"

அரங்கநாதனுக்குத் தை மாதம் கல்யாணம். பெண் வீட்டாரிடம் வயது இருபத்தாறு என்று சொல்லியிருந்தார். வருங்கால மாமனாருக்கு அதே ஆபீஸில் பக்கத்து மேஜை.

சவுரியம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நீங்க பெருமுக்கல் முத்துசாமி ஐயா புள்ளதானே? ஒங்களயும் நான்தான் எடுத்தேன். ஒங்க சேதியும் சொல்றேன், சரியான்னு பாத்துக்குங்க. எட்வர்டு ராஜா செத்தாரே…"

எட்வர்டு மன்னர் காலமாகி இருபத்தொன்பது வருஷமாகிறது. பக்கத்து மேஜையில் மாமனார் பேனாவை வைத்துவிட்டு விரல் மடக்கத் தொடங்கினார்.

அரங்கநாதன் அவசரமாகக் கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, நடராசனின் பெயரைப் பட்டியலில் எழுதினார்.