கூடை சுமந்த எமலோகப் பறவைகள்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அம்மாக்கண்ணு கொழுந்து பறித்தாள். ஆனால் அவள் பேர் பெற்றது சுவரில்தான். பொங்கல் வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்களில் அடுப்புக்கரியாலும் செம்மண்ணாலும் மயிலும் மாடும் எழுதிவிடுவாள். சும்மா இருக்கிற கை இல்லை அது.

1957இல் மாரியம்மன் கோவிலின் வெளிச்சுவரில் எமலோகம் எழுத டவுனிலிருந்து ஒரு படக்காரர் வந்தார். எமன், எருமை, எண்ணெய்க் கொப்பரையில் வேகும் பாவிகள் என்று முக்கால்வாசி முடித்தவர், அட்டைக்கடி தாங்காமல் மூட்டையைக் கட்டிவிட்டார். திருவிழாவுக்கு நாலே நாள். தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவரும் கோவில் பொறுப்பிலிருந்தவருமான பொன்னையா கங்காணி மிச்சச் சுவரை அம்மாக்கண்ணுவிடம் ஒப்படைத்தார். பாவிகளைக் கொத்த இரும்பு மூக்குப் பறவைகள் நாலைந்து போதும் என்றார்.

பெருமையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோவில் சுவரில் ஒரு பெண் கை வைப்பது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. எழுதப்போவது அழியாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் அம்மனிடம் கேட்டது.

கழுகு எழுதத்தான் ஆரம்பித்தாள். கழுகை அவள் எங்கே பக்கத்தில் பார்த்தாள்? தினம் பார்த்ததெல்லாம் மழைக்காற்றில் கம்பளி படபடக்க மலையேறும் பெண்களை. கம்பளி சிறகாயிற்று. மூக்கு வர வேண்டிய இடத்தில் முகம் வந்தது. நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, கூடைக்குள் கொழுந்துக்குப் பதில் பாவிகள். கொத்த வேண்டிய பறவைகள், பாவிகளைக் கொப்பரையிலிருந்து அள்ளிக்கொண்டு மேலே பறந்தன.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கங்காணி வந்து பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எமலோகத்துல கூடைக்காரிக்கு என்னா வேல? சுண்ணாம்பு அடிச்சு அழிச்சிரு."

வாளியை அவள் கையிலேயே கொடுத்தார். அம்மாக்கண்ணு வாங்கிக்கொண்டாள். அழுதால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்து, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"அழிச்சிர்றேனுங்க. ஒன்னு மட்டும் சொல்லுங்க. இந்தத் தோட்டத்துல சுமக்கிறது யாருங்க? அங்க மட்டும் வேற யாரு சுமப்பாங்க?"

கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். கங்காணியின் மனைவி சண்முகவடிவும் அவர்களில் ஒருத்தி. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரருகே போனாள். பிறகு திருவிழாவுக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை அவிழ்த்து, ஒரு கல்லில் ஏற்றி, அந்தப் பறவைகளுக்கு மூன்று சுற்றுக் காட்டினாள்.

கற்பூரம் காட்டியாகிவிட்டால் அது சாமி. சாமிமேல் சுண்ணாம்பு பூச எவனுக்குத் துணிச்சல் வரும்? அதுவும் காட்டியவள் வீட்டுக்காரி. பொன்னையா கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மாக்கண்ணு வாளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே சுண்ணாம்பைத் தொட்டு மூலையில் இன்னொரு பறவை எழுதினாள், வெள்ளைச் சிறகோடு, முந்தானையில் கற்பூர முடிச்சோடு. அது சண்முகவடிவுதான் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தச் சிறகுக்குப் புது வெள்ளை பூசுவது அம்மாக்கண்ணுவின் வேலையாயிற்று. அவள் வெறுங்கையோடு முன்னால் நடப்பாள். சுண்ணாம்பு வாளியைச் சுமந்துகொண்டு கங்காணி பின்னால் வருவார்.